கெட்ட செய்தி எந்தப் படியில் நிற்கிறது

நிறுவனப் பண்பாடு என்னும் தொடருக்கு மேலாண்மை நூல்களில் வரையறைகள் பல உண்டு. ஆயினும் ஆலைத்தளத்தில் நெடுங்காலம் மனிதவளப் பணி பார்த்தவர்களைக் கேட்டால், ஒரு தவறு நடந்தவுடன் அதை முதலில் கண்டவர் யாரிடம், எவ்வளவு நேரத்துக்குள், எந்த முகத்தோடு சொல்ல முடிகிறது என்பதையே அதன் பொருளாகச் சொல்வார்கள். பல நாடுகளில் கிளை பரப்பிய நிறுவனத்தில் இந்தக் கேள்வி இன்னும் கனக்கிறது. தவறு நடக்கும் இடம் ஸ்ரீபெரும்புதூராகவும் அதைத் திருத்தும் அதிகாரம் சியோலிலோ டோக்கியோவிலோ உள்ளதாகவும் அமையும்போது, தொழிலாளி, லைன் லீடர், சூப்பர்வைசர், மேலாளர், பிரிவுத் தலைவர், இந்தியத் தலைவர் என இடையிலுள்ள ஒவ்வொரு படியும் செய்தியைச் சற்றே மெழுகி, கூர் மழுக்கி, மேலே அனுப்பக்கூடும். கடைசிப் படியைத் தொடும்போது அது நல்ல செய்தியாகவே மாறியிருப்பதும் உண்டு. உற்பத்தி, தரம், இலாபம், ஆட்கள் வேலையை விட்டு விலகும் வேகம் எனச் செயல்திறனை அளக்கும் எண்கள் யாவும் அந்த மெழுகலுக்குப் பின்னர் வந்து சேர்பவை.

இப்பொருளை நாமக்கல் மாவட்டம் இராசிபுரம் வட்டத்தில், கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள முள்ளுக்குறிச்சியில் இருந்துகொண்டு பேசுவதற்குக் காரணம் உண்டு. மலைமேல் ‘நாடு’ என வழங்கும் ஊர்ப்பகுதிகளிலிருந்து மிளகும் பலாவும் அன்னாசியும் இறங்கிவருகிற, கீழே மரவள்ளியும் மஞ்சளும் விளைகிற இவ்வட்டாரத்தில் பன்னாட்டு ஆலை எதுவும் இல்லை, ஆனால் ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்த பிள்ளைகள் இங்கிருந்து ஓசூருக்கும் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ‘கம்பெனி வேலை’க்குப் போவது நெடுநாளாக நடந்துவருகிறது. அப்படிப் போய், வெவ்வேறு நாட்டு முதலாளிகளின் ஆலைகளில் ஆள் எடுப்பதும் பயிற்சி கொடுப்பதும் குறை கேட்பதுமாக வேலைக்காலத்தைக் கழித்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவரின் தொழில் அனுபவம் இக்கட்டுரைக்கு அடிப்படை. அவர் கற்றதில் ஒரு பாதி ஆலைகளில் கற்றது. மறுபாதி, ஜவ்வரிசி ஆலையின் எடைமேடையிலும் போர்வெல் ரிக் வண்டியின் ஓரத்திலும் இளமையில் கண்டு, பிற்பாடு பொருள் விளங்கியது.

அமெரிக்க அறிஞர் எட்கர் ஷைன் 1985இல் வெளியிட்ட நூலில் நிறுவனப் பண்பாட்டை மூன்று அடுக்குகளாகப் பிரித்துக் காட்டினார். சீருடை, மேசைகளின் அமைப்பு, அடையாள அட்டையின் நிறம், கேன்டீனில் யார் எங்கே உட்காருகிறார் என்பன போலக் கண்ணுக்குத் தெரிபவை முதல் அடுக்கு. ‘தரமே முதன்மை’ என்று வரவேற்பறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது போல வாயால் சொல்லப்படுபவை இரண்டாம் அடுக்கு. யாரும் எடுத்துச் சொல்லாமலே எல்லோரும் நம்பி நடப்பவை மூன்றாம் அடுக்கு. அடிப்படை அனுமானங்கள் என்று ஷைன் அழைத்த இந்த மூன்றாம் அடுக்குதான் நடத்தையைத் தீர்மானிக்கிறது. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் இரண்டையும் மனிதவளத் துறை ஒரு நாள் முழுக்க வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுக்கும், மூன்றாவதை டீ இடைவேளையில் பக்கத்து ஆள் அரை நிமிடத்தில் சொல்லிமுடித்துவிடுவார்: “மாசக் கடைசியில ரிஜக்‌ஷன் எழுதாதே தம்பி, அடுத்த மாசக் கணக்குல போட்டுக்கலாம்.” அந்த அரை நிமிட வகுப்பில் சொல்லப்படுவது என்ன என்று அறியாதவரை, நிறுவனத்தின் பண்பாடு தமக்குத் தெரியும் என்று எந்தத் தலைமை அலுவலகமும் சொல்லிக்கொள்ள முடியாது.

பன்னாட்டு நிறுவனங்களைப் பற்றிய பேச்சில் ஷைனைவிட அதிகமாக எடுத்தாளப்படுபவர் நெதர்லாந்தைச் சேர்ந்த கேர்ட் ஹாஃப்ஸ்டெட். ஐ.பி.எம். நிறுவனத்தின் பல நாட்டுக் கிளைகளில் 1967க்கும் 1973க்கும் இடையில் திரட்டப்பட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வினாத்தாள்களை ஆராய்ந்து அவர் 1980இல் வெளியிட்ட நூலில், நாடுகளின் பண்பாட்டை எண்ணால் அளக்க முயன்றார். அந்த அளவைகளுள் ‘அதிகாரத் தொலைவு’ என்பது, அதிகாரம் சமமின்றிப் பங்கிடப்பட்டிருப்பதைக் கீழே உள்ளவர்கள் எந்த அளவுக்கு இயல்பாக ஏற்கிறார்கள் என்பதைக் குறிக்கும். இந்தியாவுக்கு 77, தென்கொரியாவுக்கு 60, ஜப்பானுக்கு 54, அமெரிக்காவுக்கு 40, ஜெர்மனிக்கு 35, பின்லாந்துக்கு 33 என்று அவர் மதிப்பெண் தந்தார். வெளிநாட்டிலிருந்து வரும் மேலாளர்களுக்குப் புறப்படுமுன் தரப்படும் பயிற்சியில் இந்த எண்கள் தவறாமல் இடம்பெறும். இந்தியர்கள் மேலதிகாரியிடம் ‘இல்லை’ என்று சொல்லமாட்டார்கள் என்ற முடிவோடு அவர்கள் விமானம் ஏறுகிறார்கள். ஒரே நிறுவனத்தின் ஊழியர்களிடம் கேட்டுப் பெற்ற விடைகளை ஒரு நாட்டின் இயல்பாகவே கொள்ளலாமா என்ற ஐயத்தை ஆய்வாளர்கள் தொடர்ந்து எழுப்பிவந்திருக்கிறார்கள். ஆலைத்தளத்து அனுபவமும் அந்த ஐயத்தின் பக்கமே நிற்கிறது.

இந்தியர்கள் ‘இல்லை’ என்று சொல்லாதவர்கள் அல்லர். அவர்கள் சொல்லும் ‘இல்லை’ வேறு சொற்களில் வருகிறது. கொங்கு வட்டாரத்திலிருந்து போன இளைஞர் ‘சரிங்க’ என்று சொன்னால், ‘நீங்கள் சொன்னது காதில் விழுந்தது’ என்பது வரைதான் அதற்குப் பொருள். அப்படியே செய்கிறேன் என்ற உறுதி அதில் இல்லை. ‘ஆகட்டுங்க’ என்பதில் சிறிது உடன்பாடு உண்டு. ‘பாக்கலாங்க’ என்பது பெரும்பாலும் மறுப்பு; அதிலும் ‘லா’ சற்று நீண்டு ஒலித்தால் நடக்காது என்றே கொள்ள வேண்டும். ‘செஞ்சர்றனுங்க’ என்று வந்தால்தான் வேலை நடக்கும். ஒரே மரியாதை விகுதியைத் தாங்கி வரும் இந்த நான்கையும் மொழிபெயர்ப்பாளர் ஒரே ஆங்கிலச் சொல்லில் அடக்கி மேலாளரிடம் சேர்த்துவிடுவார். இரண்டு வாரம் கழித்து வேலை நடக்கவில்லை என்று தெரிந்ததும், ஒப்புக்கொண்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று அவர் மனம் கசந்துபோவார்; அன்றைக்கே முடியாது என்று மரியாதையாகச் சொன்னோமே, இவருக்கு ஏன் விளங்கவில்லை என்று லைனில் இருப்பவர்கள் வியப்பார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. ஜப்பானிய மேலாளர்கள் இதை மற்றவர்களைவிட விரைவில் பிடித்துக்கொள்வதைக் காணலாம். அவர்கள் மொழியில் ‘ஹாய்’ என்பதற்கும் ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்ற பொருள் உண்டு. ஜெர்மானியருக்கும் அமெரிக்கருக்கும் இது சிக்கல். ஆலையொன்றில் இந்த நான்கு சொற்களையும் பலகையில் எழுதிப் பொருள் விளக்கி வெளிநாட்டு மேலாளர்களுக்கு நடத்திய ஒரு மணி நேர வகுப்பு, வேறெந்தப் பண்பாட்டுப் பயிற்சியையும்விடப் பயன்பட்டது என்பது ஊர் திரும்பிய அந்த மனிதவளக்காரரின் கணிப்பு.

மொழிச்சிக்கல் பாடத்தால் தீரும், அச்சம் தீராது. அச்சம் பற்றிய முதற்பாடம் முள்ளுக்குறிச்சி வட்டாரத்திலேயே கிடைக்கும். மரவள்ளிக் கிழங்கை ஜவ்வரிசி ஆலைக்கு ஏற்றிச் செல்லும் விவசாயிக்கு எடையைக்கொண்டு மட்டும் விலை கிடைப்பதில்லை. மாதிரிக்கு எடுத்த கிழங்கின் மாவுச்சத்தை அளந்து, இத்தனை ‘பாயிண்ட்’ என்று ஆலைக்காரர் சொல்ல, அந்தப் பாயிண்ட்டின்படி விலை போடப்படும். பிடுங்கிய கிழங்கு ஓரிரு நாளுக்குமேல் தாங்காது என்பதால் லோடோடு திரும்பிப்போக வழியில்லை. அடுத்த ஆண்டும் இதே வாசலுக்குத்தான் வர வேண்டும். ஆகவே, பாயிண்ட் குறைத்துச் சொல்லப்பட்டதாக மனத்தில் பட்டாலும், எடைமேடை அருகே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பவர் ‘இன்னொருக்கா பாருங்களேன்’ என்று ஒரு முறை சொல்லிப்பார்த்து, அதற்குமேல் பேசாமல் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வருவார். வெளியே டீக்கடையில் பேச்சு வேறு. அந்த டீக்கடைப் பேச்சு ஆலை முதலாளியின் காதுக்கு எட்டுவதில்லை. எட்டினால் அவருக்கும் இலாபமே, ஏனெனில் அளவை நம்பாத விவசாயி அடுத்த பருவத்தில் நல்ல கிழங்கை வேறு ஆலைக்கும் சிப்ஸ் வியாபாரிக்கும் கொடுத்துவிட்டு மிச்சத்தைத்தான் இங்கே கொண்டுவருகிறார். எண் ஒன்றைக் கேள்வி கேட்பதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்ற கணக்கை ஒவ்வொருவரும் மனத்துக்குள் போட்டுப்பார்த்தே வாய் திறக்கிறார்கள். பன்னாட்டு ஆலையிலும் அதே கணக்குதான். அங்கே ஆங்கிலத்தில் போடுகிறார்கள்.

ஜப்பானிய உற்பத்தி முறையில் ‘ஆண்டான்’ என்றொரு ஏற்பாடு உண்டு. விளக்கு என்று அதற்குப் பொருள். லைனில் குறை கண்ட தொழிலாளி தலைக்குமேல் ஓடும் கயிற்றை இழுத்தால் விளக்கு எரியும், லீடர் ஓடிவருவார், குறிப்பிட்ட நேரத்துக்குள் சரிசெய்ய முடியாவிட்டால் லைன் நிற்கும். உதிரிப்பாகம் செய்யும் ஓர் ஆலையில் இது அறிமுகமானபோது, தமிழில் ஆண்டான் என்றால் எசமான் என்பதால், ‘ஆண்டான் கயிற்றை அடிமை இழுக்கலாமா’ என்று முதல் நாளே லைனில் கேலி எழுந்தது. கேலியில் முழு விவரமும் அடங்கியிருந்ததை அன்று யாரும் கவனிக்கவில்லை. சில மாதம் கழித்து நடந்த ஆய்வுக் கூட்டத்தில், அந்த மாதத்தில் கயிறு ஒரு முறைகூட இழுக்கப்படவில்லை என்பதை உள்ளூர் மேலாளர் பச்சை நிறக் கட்டத்தில் சாதனையாகக் காட்ட, தாய் நிறுவனத்திலிருந்து வந்திருந்த முதிய பொறியாளர் கூட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு லைனுக்குப் போக வேண்டும் என்றார். ஒரு மாதம் முழுக்கக் குறையே தோன்றாத லைன் உலகில் இல்லை என்பது அவர் கட்சி.

விசாரித்ததில் தெரியவந்தது இது: அறிமுகமான முதல் வாரத்தில் கயிற்றை இழுத்த தொழிலாளி ஒருவரிடம், லைன் நின்றதற்கு விளக்கக் கடிதம் கேட்டு வாங்கப்பட்டிருக்கிறது. கடிதத்தைத் தட்டச்சு செய்து கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைத்தது மனிதவளத் துறை. அதாவது இங்கே அனுபவம் பேசப்படுபவரின் சொந்தத் துறை. யாரையும் தண்டிக்கும் எண்ணம் அதில் இல்லை. லைன் நின்றால் விளக்கம் வாங்குவது பழைய நடைமுறை, புதிய கயிற்றுக்காக அதை யாரும் மாற்றவில்லை, அவ்வளவே. ஆனால் அந்த ஒரு தாள், ஜப்பானிலிருந்து வந்த பயிற்சி முழுவதையும் முதல் வாரத்திலேயே ரத்துசெய்திருந்தது. பிறகு, கடிதம் கோப்பிலிருந்து எடுக்கப்பட்டு அந்தத் தொழிலாளியின் கையிலேயே கிழிக்கக் கொடுக்கப்பட்டது. விளக்கு எரிந்தவுடன் ஓடிவரும் சூப்பர்வைசர் ‘யார் இழுத்தது’ என்று கேட்கக் கூடாது, ‘என்ன ஆச்சு’ என்றே கேட்க வேண்டும் என்று விதி வந்தது. அப்படியும் கயிறு அசைய மாதங்கள் பிடித்தன. அசையத் தொடங்கியபோது ரிஜக்‌ஷன் எண்ணிக்கை ஏறியது, மாதக் கூட்டத்தில் மேலாளர் திணறினார், பழைய நிலையே மேல் என்று குரல்கள் வந்தன; முன்பு ஒளிந்திருந்த குறைகளே இப்போது எண்ணில் வருகின்றன என்பதைத் தாய் நிறுவனம் புரிந்துகொண்டு பொறுத்ததால்தான் அந்த முயற்சி பிழைத்தது. பண்பாட்டு மாற்றத்தின் முதல் விளைவு, எண்கள் மோசமாவதே. காலாண்டுக்குக் காலாண்டு முன்னேற்றம் கேட்கும் நிறுவனங்களில் இத்தகைய முயற்சிகள் பாதியில் கைவிடப்படுவது இதனால்தான்.

அதிகாரத் தொலைவு அதிகமுள்ள இடத்தில் கெட்ட செய்தி மேலே போகாது என்ற கருத்தைத் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் மறுக்கின்றன. போர்வெல் தொழிலுக்குப் பெயர்பெற்ற அவ்வூரிலிருந்து கிளம்பும் வண்டிகள் வடமாநிலங்கள் பலவற்றிலும் ஆண்டின் பெரும்பகுதியைக் கழிக்கின்றன. ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போனவையும் உண்டு. சொந்தபந்தங்கள் கூட்டுச் சேர்ந்து முதல் போடும் இத்தொழிலில் முதலாளி முதலாளிதான், அவரெதிரில் உட்காரக்கூடத் தயங்குவார்கள். ஆனால் துளை போய்க்கொண்டிருக்கும்போது ஹேமரின் ஓசை மாறினாலோ, மேலே வரும் தூளின் நிறம் மாறினாலோ, நேற்றுச் சேர்ந்த வடமாநில உதவியாள்கூடத் தன் மொழியில் கத்திக் கையைத் தூக்கலாம். டிரில்லர் உடனே நிறுத்துவார். மண் சரிந்து ராடு உள்ளே மாட்டிக்கொண்டால் ஹேமரும் பிட்டும் ராடுகளும் பூமிக்குள்ளேயே போய்விடும், அத்தனை பேருடைய நாள்களும் வீணாகும். நட்டம் எல்லோர் கண்ணுக்கும் தெரிவதும், கத்தியவரை யாரும் குறை சொல்லாததும் சேர்ந்து, படிநிலை இறுக்கமான கூட்டத்திலும் எச்சரிக்கைக்கு வழி திறந்துவிடுகின்றன. இதைப் பொற்காலச் சித்திரமாகக் கொள்ள வேண்டியதில்லை: கருவிக்கு ஆபத்து என்றால் உரத்து எழும் அதே குரல், கைவிரல் நசுங்கினாலோ மாதக்கணக்கில் விடுப்புக் கிடைக்காவிட்டாலோ எழுவதில்லை, எழுந்தாலும் கேட்பாரில்லை. எந்தக் கெட்ட செய்திக்கு வழி உண்டு, எதற்கு இல்லை என்பதும் பண்பாட்டின் பகுதியே.

மறுதலையான சான்று தமிழ்நாட்டுக்கு நன்கு அறிமுகமான ஒரு பெயரிலிருந்து வருகிறது. நோக்கியா நிறுவனம் 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் கைபேசி ஆலையைத் தொடங்கியது; பல ஆயிரம் இளம் பெண்கள் முதன்முதலாக மாதச் சம்பளம் கண்ட இடம் அது. 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டதற்கு, வரித் தகராறும், அதன் விளைவாக மைக்ரோசாப்டுக்குக் கைமாறிய வணிகத்தில் இந்த ஆலை சேராமல் போனதும் நேர்க்காரணங்கள். அந்த மூடலின் பழியைப் பண்பாட்டின் தலையில் ஏற்றுவது முறையாகாது. ஆனால் 2007இல் ஐஃபோன் வந்தபின் நோக்கியா உலகளவில் ஏன் சரிந்தது என்று ஆராய்ந்த குய் ஹுய், டிமோ வூரி ஆகிய இருவரும், அந்நிறுவனத்தின் மேலாளர்கள், பொறியாளர்கள் உள்ளிட்ட 76 பேரிடம் உரையாடி 2016இல் வெளியிட்ட ஆய்வில் கண்டது கவனத்துக்கு உரியது. மேல்மட்டத் தலைவர்கள் போட்டியாளருக்கும் முதலீட்டாளருக்கும் அஞ்சி நடுமட்டத்தை நெருக்கினார்கள். நடுமட்ட மேலாளர்கள் தலைவர்களின் சினத்துக்கு அஞ்சி, தங்கள் சிம்பியன் மென்பொருள் ஐஃபோனுக்கு ஈடுகொடுக்காது என்பதை உள்ளபடி சொல்லாமல், முடியும் என்றே சொல்லிவந்தார்கள். ஹாஃப்ஸ்டெட்டின் பட்டியலில் பின்லாந்தின் மதிப்பெண் 33. முதலாளியைப் பெயர் சொல்லி அழைக்கும் நாடு. அங்கே ராடு உள்ளே மாட்டிக்கொண்டிருந்ததை உதவியாள் கத்திச் சொல்லவில்லை. நாட்டின் பண்பாடு வேறு, நிறுவனத்தின் பண்பாடு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

பண்பாட்டுக்கும் செயல்திறனுக்கும் உள்ள உறவை எண்ணால் நிறுவ முயன்றவர்களில் ஜான் காட்டர், ஜேம்ஸ் ஹெஸ்கெட் இருவரும் முக்கியமானவர்கள். 207 அமெரிக்க நிறுவனங்களை 11 ஆண்டுக் காலத்துக்கு ஆராய்ந்து 1992இல் நூல் வெளியிட்ட அவர்கள், பண்பாடு ‘வலுவாக’ இருப்பது மட்டும் நல்ல விளைவைத் தருவதில்லை என்று கண்டார்கள். வாடிக்கையாளர், ஊழியர், பங்குதாரர் ஆகிய மூவரையும் மதித்துச் சூழலுக்கேற்ப மாறும் பண்பாடு கொண்ட நிறுவனங்களின் வருவாய் அக்காலத்தில் சராசரியாக 682 விழுக்காடும், அப்படி இல்லாதவற்றின் வருவாய் 166 விழுக்காடும் வளர்ந்ததாகக் கணக்கிட்டார்கள். இந்த எண்களை மேடைதோறும் சொல்லும் ஆலோசகர்கள், நல்ல வருவாய் உள்ள நிறுவனத்துக்கு ஊழியரை மதிப்பதும் எளிது என்ற எதிர்த்திசைக் காரணத்தைச் சொல்வதில்லை. கையில் காசிருக்கும்போது எல்லாக் குடும்பமும் நல்ல குடும்பம்தான். விளைச்சல் பொய்த்த ஆண்டில்தான் யார் யாரிடம் என்ன பேசுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து வெளிநாட்டுக்குப் போன நிறுவனங்களில் டி.வி.எஸ். குழுமம் இவ்வகையில் படிக்கத் தக்கது. 1911இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் மதுரையில் பேருந்து விட்டதில் தொடங்கிய குழுமம், குடும்பப் பற்றையும் மூத்தோர் சொல்லுக்குக் கட்டுப்படும் பழக்கத்தையும் அடித்தளமாகக் கொண்டது. அதிகாரத் தொலைவு அங்கே குறைவாக இருந்ததில்லை. எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து முழுமைத் தர மேலாண்மை என்னும் ஜப்பானிய முறையை அதன் நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன. குறையின் காரணத்தை அதைச் செய்பவரே தரவோடு தேடிக் கண்டு திருத்துவதும், சிறு குழுக்களாக வாரந்தோறும் கூடுவதும், தொழிலாளி தரும் யோசனைகளைக் கணக்கு வைத்து நிறைவேற்றுவதும் அதன் கூறுகள். சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் தர மேலாண்மைக்கான டெமிங் பரிசைப் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்றுக்கு அப்பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை. 2002இல் டி.வி.எஸ். மோட்டாரும், 2003இல் ரானே குழுமத்தின் பிரேக் லைனிங் நிறுவனமும் அதைப் பெற்றன. சுவரில் எழுதி மாட்டுவதால் அப்பரிசு கிடைக்காது. தேர்வாளர்கள் ஆலைக்கு நேரில் வந்து, காகிதத்தில் உள்ளது தளத்தில் நடக்கிறதா என்று துருவிப் பார்ப்பார்கள். படிநிலையைக் கலைக்காமலே, பேசுவதைத் தினசரி வேலையின் ஒரு பகுதியாக்கியதுதான் இந்த முறை இங்கே வேர்பிடித்ததன் சூட்சுமம். தொழிலாளியைத் துணிந்து பேசச் சொல்வதைவிட, திங்கட்கிழமைதோறும் மூன்று குறையை எழுதியாக வேண்டும் என்று சொல்வது தமிழர்க்கு எளிது.

2001இல் சுசுகியோடு இருந்த கூட்டு முடிந்து தனித்து நின்ற டி.வி.எஸ். மோட்டார், 2020 ஏப்ரலில் பிரிட்டனின் நார்ட்டன் மோட்டார்சைக்கிள் நிறுவனத்தை 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அடுத்த ஆண்டு, முந்தைய உரிமையாளர் காலத்தில் விற்கப்பட்ட உயர்ரக வண்டியில் பாதுகாப்பு சார்ந்தவை உட்பட முப்பதுக்கும் மேற்பட்ட குறைகள் இருப்பதாகப் புதிய நிர்வாகமே வெளிப்படையாக அறிவித்தது. வாங்கிய பொருளின் பெயரைத் தானே கெடுத்துக்கொள்வதா என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். கெட்ட செய்தியைத் தாமே முதலில் சொல்லிவிடும் பழக்கம், வெளிநாட்டுக் கிளைக்கும் அந்தக் குழுமத்தோடு சேர்ந்து போயிருக்கிறது என்று கொள்ள இடமுண்டு.

வெளியிலிருந்து இங்கு வந்தவர்களின் கதை அவ்வளவு நேராக இல்லை. 1983இல் முதல் காரை வெளியிட்ட மாருதி நிறுவனம், மேலாளருக்கும் தொழிலாளிக்கும் ஒரே சீருடை, ஒரே கேன்டீன் என்ற ஜப்பானிய வழக்கத்தை இந்தியாவில் புகுத்தியதற்காகப் பாராட்டப்பட்டது. அதே நிறுவனத்தின் மானேசர் ஆலை 2011–12இல் கலவரத்தையும் ஓர் அதிகாரியின் உயிரிழப்பையும் கண்டது. சீருடை முதல் அடுக்கைச் சேர்ந்தது என்பதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை. 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் விடுதி உணவால் நோயுற்றபோது, அந்தச் செய்தி உரியவர்களை எட்டிய வழி சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை மறியல்தான். ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரியில்தான் திறந்தது. ஆப்பிள் நிறுவனம் அதைத் தனிக் கண்காணிப்பில் வைத்தது. 2024 செப்டம்பர் 9 அன்று சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. சங்கத்தை ஏற்பதே அதன் மையக் கோரிக்கை. சங்கம் வேண்டும் என்பது ஊதியக் கோரிக்கை மட்டுமன்று, பேசுபவர் தனி ஆளாகத் தெரியாமல் பேசுவதற்கான ஏற்பாடு என்பதைப் பன்னாட்டு நிறுவனங்கள் பல இன்னும் உணரவில்லை. சங்கம் இல்லாத ஆலையில் மனிதவளத் துறையே தொழிலாளியின் காது என்று அத்துறையினர் நம்பிக்கொள்வதுண்டு. விளக்கக் கடிதத்தைத் தட்டச்சு செய்யும் கைக்கு அந்தத் தகுதி இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. ஆய்வு நூல்கள் ஊழியர் என்று சொல்வது நிரந்தர ஊழியரை. நடைமுறையில் லைனில் நிற்பவர்களில் பெரும் பகுதியினர் காண்ட்ராக்ட் ஆட்கள், பயிற்சியாளர்கள். அடையாள அட்டையின் பட்டை நிறமே வேறு. யோசனைப் பெட்டியில் அவர்கள் தாள் போட்டால் பரிசு யாருக்கு என்று விதியில் இராது. ஆனால் பொருளை முதலில் தொடுவது அவர்கள் கை. குறையை முதலில் காண்பதும் அவர்கள் கண். நிறுவனத்தின் பண்பாடு நிரந்தர ஊழியரோடு நின்றுவிடும் இடத்தில் அதன் தரமும் நின்றுவிடுகிறது.

மனிதவளப் பணியில் மிகப் பொய்யான ஆவணம் எது என்று கேட்டால், வேலையை விட்டுப் போகிறவர் நிரப்பித் தரும் படிவம் என்று ஊர் திரும்பிய அந்த மனிதவளக்காரர் தயங்காமல் சொல்வார். விலகும் காரணம் என்ற இடத்தில் ‘சொந்த வேலை’, ‘குடும்பச் சூழல்’ என்ற இரண்டில் ஒன்று இருக்கும். ஆடிப்பெருக்குக்குக் கொல்லிமலைக்கு வந்துவிட்டு ஆலைக்குத் திரும்பாத பிள்ளைகளைப் பற்றி ‘ஒழுங்கில்லாதவர்கள்’ என்று அறிக்கை எழுதிய மேலாளர்கள் உண்டு. ஊர் திரும்பியபின், அதே பிள்ளைகளில் சிலரை முள்ளுக்குறிச்சிப் பேருந்து நிறுத்தத்தில் காண நேர்ந்து விசாரித்தபோது, படிவத்தில் இல்லாத காரணங்கள் வந்தன: இரவு ஷிப்டில் தூங்கியதாகச் செய்யாத தவறுக்குக் கையெழுத்து வாங்கினார்கள், விடுப்புக் கேட்டதற்கு ‘மலைக்காரனுக்கு எதுக்குடா கம்பெனி வேலை’ என்றார் லீடர், எண்ணைத் திருத்தச் சொன்னார்கள், மனமில்லை. “அன்னைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி” என்றதற்கு, “உங்ககிட்டத்தானுங்க சொல்லோணும், நீங்கதானுங்களே கடுதாசி வாங்குவீங்க” என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினார்.

இவ்வட்டாரத்திலிருந்து நேர்காணலுக்குப் போகும் பிள்ளைகளிடம் கடைசியில், ‘நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா’ என்பார்கள். சம்பளம், பஸ், விடுதி பற்றிக் கேட்பது வழக்கம், கேட்கத்தான் வேண்டும். அவற்றோடு, ‘லைனைக் கடைசியாக நிறுத்தியது யாருங்க, அவர் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்’ என்பதையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். பதிலைவிட, பதில் வருவதற்குமுன் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்களா என்பதைக் கவனியுங்கள்.